பட்டத்துக்குச் சேராமல் ஒரு பாடம் மட்டும் படிக்க முடியுமா?

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முழுநேரப் பட்டப்படிப்பில் சேராமல் ஒன்றிரண்டு பாடங்களை மட்டும் பதிவு செய்துகொள்வது பற்றியும், இடையில் விட்ட படிப்பைப் பல ஆண்டுகள் கழித்துத் தொடர்வது பற்றியும் அங்கு வாழும் வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வந்தவண்ணம் உள்ளன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். அங்குள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் நீண்ட காலம் பணிபுரிந்தவள் என்ற முறையில், இந்தக் கடிதங்களில் தெரியும் தயக்கம் எனக்கு நன்கு பழக்கமானது. கவுன்டருக்கு மறுபக்கம் நின்று அதே தயக்கத்துடன் பேசிய எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நான் எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) டெக்சாஸில் இருக்கிறேன். கோயம்புத்தூரில் பி.இ. முடித்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பதற்கு முன்னால், என்னால் முடியுமா என்று ஒரு பாடத்தைப் படித்துப் பார்க்க விரும்புகிறேன். விசா இதற்கு இடம் கொடுக்குமா? பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளுமா?
– வாசகி, டாலஸ்

பதில்: விசாவைப் பற்றிக் கவலை வேண்டாம். எச்-4 விசாவில் இருப்பவர்கள் விசா வகையை மாற்றிக்கொள்ளாமலேயே பகுதிநேரமாகவும் முழுநேரமாகவும் படிக்கலாம். பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை, நீங்கள் கேட்கும் வழிக்கு ‘நான்-டிகிரி’ என்று பெயர். சில இடங்களில் ‘ஸ்பெஷல் ஸ்டூடன்ட்’ என்றும் சொல்வார்கள். இளங்கலைப் பட்டம் பெற்றதற்கான சான்றும், ஒரு சிறிய விண்ணப்பமும், அதற்கான கட்டணமும் இருந்தால் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இந்த வகையில் சேர்ந்துவிடலாம். இந்தியப் பட்டத்தை மதிப்பீடு செய்து வாங்கும் அறிக்கை இதற்குத் தேவையா என்பதை முதலிலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள். தேவையில்லை என்று சொல்லும் இடங்களும் உண்டு. தேவையானால் எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள், பாடவாரியாக வேண்டுமா, பட்டத்தை மட்டும் மதிப்பிட்டால் போதுமா என்று தெரிந்துகொண்ட பிறகு பணம் கட்டுங்கள்.

பலரும் தடுக்கி விழும் இடம் அடுத்தது. பதிவுத் திரையில் ஒவ்வொரு வகுப்புப் பிரிவுக்கும் ஓர் எண் இருக்கும். அதை உள்ளிட்டுப் பொத்தானை அழுத்தியதும், முன்தேவைப் பாடத்தை நீங்கள் முடிக்கவில்லை என்று சொல்லும் சிவப்பு வரி ஒன்று வந்து நிற்கும். உங்களுக்குத் தகுதி இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். கோயம்புத்தூரில் நீங்கள் படித்த கணிதமும் புள்ளியியலும் அந்தக் கணினிக்குத் தெரியாது, அவ்வளவுதான். துறை அலுவலகத்துக்கோ பாடம் நடத்தும் பேராசிரியருக்கோ உங்கள் மதிப்பெண் பட்டியலையும் அந்தப் பழைய பாடத்தின் பாடத்திட்டத்தையும் அனுப்பி, அந்தத் தடையை நீக்கும்படி கேளுங்கள். ‘ஓவர்ரைடு’ என்று அதைச் சொல்வார்கள். ஓவர்ரைடு கொடுத்துவிட்டோம் என்று பதில் வந்ததும் பதிவு முடிந்துவிட்டதாக நினைத்து நிம்மதியாக இருந்துவிட்டு, வகுப்பின் முதல் நாளில் பெயர்ப் பட்டியலில் தங்கள் பெயர் இல்லாததைக் கண்டு திகைத்தவர்களை நான் ஒவ்வொரு பருவத்திலும் பார்த்திருக்கிறேன். ஓவர்ரைடு கதவின் பூட்டை மட்டுமே திறக்கும். மறுபடியும் திரைக்குப் போய் அதே எண்ணை உள்ளிட்டுப் பதிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான்.

நான்-டிகிரி மாணவர்களுக்குப் பதிவு பெரும்பாலும் கடைசியில்தான் திறக்கும் என்பதால், நீங்கள் விரும்பும் பாடம் அதற்குள் நிரம்பியிருக்கக்கூடும். எனவே இரண்டாவது, மூன்றாவது விருப்பத்தையும் முடிவு செய்து வைத்திருங்கள். தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று போன்ற ஏதாவது ஒன்று நிலுவையில் இருந்தாலும் கணக்கு முடக்கப்பட்டிருக்கும் என்பதால், பதிவு நாளுக்கு ஒரு வாரம் முன்பே உள்நுழைந்து பார்த்துக்கொள்வது நல்லது. விண்ணப்பத்தில் மாநில வசிப்பிடம் குறித்துக் கேட்கும் பகுதியை அவசரமாக நிரப்பாதீர்கள். அங்கே ஒரு பெட்டியைத் தவறாகக் குறித்ததால் வெளிமாநிலத்தவருக்கான கட்டணம், அதாவது பல மடங்கு தொகை, பில்லில் வந்துவிடுவதுண்டு.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று உண்டு. நான்-டிகிரியில் சேர்வது முதுகலைக்கு அனுமதி கிடைத்ததற்குச் சமமாகாது. பிறகு அதே பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்தால், இப்போது வாங்கும் கிரெடிட்டுகளில், அதாவது பாடத்தின் அளவைக் குறிக்கும் மதிப்பு எண்களில், எத்தனையை ஏற்றுக்கொள்வார்கள் என்பதற்கு வரம்பு இருக்கும். 9 அல்லது 12 என்பது பரவலாகக் காணப்படும் வரம்பு. பி-க்குக் குறைந்த கிரேடை ஏற்காத துறைகளும், பல ஆண்டுகளுக்கு முந்தைய கிரெடிட்டை ஏற்காத துறைகளும் உள்ளன. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே, இந்தக் கிரெடிட் கடைசியில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று உங்களை நீங்களே கேட்டுக்கொண்டு, அந்த இடத்தில் உள்ளவரிடம் எழுத்துப்பூர்வமாகப் பதில் வாங்குங்கள். பாடத்தை நன்றாகப் படித்து முடித்தால், அந்தப் பேராசிரியரே உங்கள் விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் தரக்கூடும். ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு இதைவிட வலுவான சான்று வேறில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: என் மகன் ஒஹாயோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கோடை விடுமுறைக்குக் கலிபோர்னியாவில் உள்ள வீட்டுக்கு வரும்போது, இங்குள்ள டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜில் கால்குலஸ் இரண்டாம் பகுதியை முடித்துவிடலாம் என்கிறான். செலவு மிகக் குறைவு. இதில் ஏதாவது சிக்கல் உண்டா? அவனுடைய பல்கலைக்கழகத்துக்கு நான் போன் செய்து கேட்டபோது பதில் சொல்ல மறுத்துவிட்டார்கள்.
– வாசகர், கூப்பர்டினோ

பதில்: செலவைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு அங்குள்ள கம்யூனிட்டி காலேஜ்களில், அதாவது உள்ளூர் அரசுக் கல்லூரிகளில், செமஸ்டர் யூனிட் (கிரெடிட்டுக்கு அங்குள்ள பெயர்) ஒன்றுக்கு 46 டாலர். கல்வியாண்டைச் செமஸ்டர்களாக அல்லாமல் அவற்றைவிடச் சிறிய காலாண்டுகளாகப் பிரிக்கும் கல்லூரியானால் 31 டாலர். ஆனால், அந்தக் காலாண்டு முறையில்தான் நீங்கள் கேட்கும் சிக்கல் இருக்கிறது.

டி ஆன்சாவும் அதன் உடன்பிறப்பான ஃபுட்ஹில் கல்லூரியும் காலாண்டு முறையில் இயங்குகின்றன. காலாண்டு யூனிட்டைச் செமஸ்டர் கிரெடிட்டாக மாற்றும்போது மூன்றில் இரண்டு பங்காகக் கணக்கிடுவார்கள். 5 யூனிட் கால்குலஸ் பாடம் ஒன்று ஒஹாயோவுக்குப் போய்ச் சேரும்போது 3.33 கிரெடிட் ஆகிவிடும். அங்கே அந்தப் பாடத்துக்கு 4 கிரெடிட் தேவையென்றால், ஒரு கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது. அது போதாதென்று, செமஸ்டர் முறையில் மூன்று பருவங்களில் நடத்தி முடிக்கும் கால்குலஸை டி ஆன்சாவில் நான்கு காலாண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒஹாயோவின் இரண்டாம் பகுதியில் வரும் முடிவிலாத் தொடர்கள் இங்கே மூன்றாம் பகுதிக்குத் தள்ளிப்போயிருக்கலாம். ‘கால்குலஸ் இரண்டு’ என்று இரு இடங்களிலும் பெயர் இருப்பதாலேயே இரண்டும் ஒரே பாடமாகிவிடாது. அதே பகுதியில் செமஸ்டர் முறையில் இயங்கும் கல்லூரி ஒன்றையும் உங்கள் மகன் பார்த்து வைப்பது நல்லது.

அவர் செய்ய வேண்டியது இதுதான். கோடைக்கு முன்பே, இங்குள்ள பாடத்தின் பாடத்திட்டத்தை ஒஹாயோவில் உள்ள கணிதத் துறைக்கோ தன் அட்வைசருக்கோ அனுப்பி, எந்தப் பாடத்துக்கு ஈடாக இதை ஏற்பார்கள் என்று முன்அனுமதி பெற வேண்டும். பிறகு இங்கே வருகை மாணவராக விண்ணப்பிக்க வேண்டும். முதல் பகுதியை முடித்ததற்கான டிரான்ஸ்கிரிப்டை, அதாவது மதிப்பெண் பட்டியலை, காட்டினால்தான் இரண்டாம் பகுதிக்கான தடையை நீக்குவார்கள். பாடம் முடிந்து கிரேடு பதிவான பிறகு, அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்டை ஒஹாயோவுக்கு அனுப்பும்படி அவரே கோரிக்கை வைக்க வேண்டும். அது தானாகப் போய்விடாது. பல பல்கலைக்கழகங்களில் இப்படி வரும் பாடத்தின் கிரெடிட் சேருமே தவிர, கிரேடு சராசரியில் சேராது. ஏற்கெனவே சராசரியை உயர்த்த வேண்டிய நிலையில் அவர் இருந்தால், இந்தக் கோடைப் பாடம் அதற்கு உதவாது.

போனில் பதில் சொல்ல மறுத்தது உங்களை அவமதிப்பதற்காக அல்ல. 1974-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மாணவர் பதிவேடுகள் சட்டத்தின்படி, கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து தன் பதிவேட்டின் மீதான உரிமை மாணவருக்கே உரியது. கட்டணம் கட்டுபவர் பெற்றோராக இருந்தாலும் இதுதான் விதி. உங்கள் மகன் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டால் உங்களுடன் பேசுவார்கள். என்னைக் கேட்டால், இந்த வேலையை அவரே செய்யட்டும் என்பேன். பத்தொன்பது வயதில் இரண்டு மின்னஞ்சல்களை எழுதிப் பதில் வாங்குவதும் கல்விதான்.

கேள்வி: எனக்கு 66 வயது. கிரீன் கார்டு பெற்று நான்கு ஆண்டுகளாக மகளுடன் ஒஹாயோவில் வசிக்கிறேன். வரலாற்றுப் பாடம் ஒன்றைக் கல்லூரியில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தேர்வு எழுதும் எண்ணம் இல்லை. இந்த வயதில் என்னைச் சேர்ப்பார்களா?
– வாசகர், கொலம்பஸ்

பதில்: ஐயா, உங்கள் மாநிலத்தில் இதற்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. 60 வயது நிறைந்து, ஒஹாயோவில் குறைந்தது ஓராண்டாவது வசித்தவர்கள், மாநில அரசின் பல்கலைக்கழகங்களில் இடம் காலியாக இருக்கும் வகுப்புகளில் கல்விக் கட்டணம் இல்லாமல், கிரெடிட் பெறாமல் அமர்ந்து பாடம் கேட்கலாம். ‘புரோகிராம் 60’ என்று கேட்டால் பதிவாளர் அலுவலகத்தில் வழிகாட்டுவார்கள். புத்தகச் செலவும் வாகன நிறுத்தக் கட்டணமும் உங்களுடையவை. பேராசிரியரின் சம்மதம் வேண்டியிருக்கும். முறையான மாணவர்கள் அனைவரும் பதிவு செய்த பிறகே உங்கள் முறை வரும். விர்ஜினியாவிலும் மூத்த குடிமக்களுக்கு இதுபோன்ற சலுகை சட்டத்திலேயே இருக்கிறது. கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகங்களில் 60 வயதைக் கடந்தவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு.

எங்கள் வளாகத்தில் இப்படி ஒரு பெரியவர் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார். முன்வரிசையில் ஓரத்து நாற்காலியில் அமர்ந்து, தடித்த நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டுக் குறிப்பெடுப்பார். தேர்வு நாளன்று மட்டும் வரமாட்டார். மாணவர்கள் தேர்வுக்கு முன்பு அவருடைய நோட்டைத்தான் கேட்டு வாங்கிப் படித்தார்கள். தயங்காமல் போய்ச் சேருங்கள்.

கேள்வி: என் அம்மா ஆறு மாத விசிட்டர் விசாவில் வருகிறார். வீட்டில் சும்மா இருக்காமல், அருகிலுள்ள கல்லூரியில் ஆங்கில வகுப்பில் சேர்த்துவிடலாமா?
– வாசகி, எடிசன்

பதில்: வேண்டாம். பி-2 எனப்படும் விசிட்டர் விசாவில் வந்தவர் முறையான படிப்பு எதிலும் சேரக் கூடாது. சேர்ந்தால் அது விசா விதியை மீறியதாகும், அடுத்த முறை விசா கேட்கும்போது கேள்வியாக வந்து நிற்கும். கல்லூரிக் கணினி அவருடைய பெயரை ஏற்றுக்கொள்வதும் குடியேற்றச் சட்டம் அனுமதிப்பதும் வேறு வேறு என்பதை மறந்துவிடாதீர்கள். பொழுதுபோக்காகக் கற்கும் குறுகியகாலக் கைவினை வகுப்பு போன்றவற்றுக்குத் தடை இல்லை. ஆங்கிலம் பேசிப் பழக வேண்டுமென்றால், பொது நூலகங்களில் தன்னார்வலர்கள் நடத்தும் உரையாடல் கூட்டங்களுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு இங்கே ஒரு கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, குடும்பச் சூழ்நிலையால் நிறுத்திவிட்டேன். கடைசிப் பருவத்தில் இரண்டு பாடங்களில் எஃப். இப்போது எனக்கு 36 வயது. அமெரிக்கக் குடியுரிமை இருக்கிறது, இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள், பகலில் வேலை. பட்டத்தை முடிக்க வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் நினைக்கிறேன். பழைய டிரான்ஸ்கிரிப்டைக் காட்டாமல் புதிதாகச் சேர்ந்துவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன்: தயவுசெய்து மறைக்காதீர்கள். இதற்கு முன் படித்த எல்லாக் கல்லூரிகளையும் குறிப்பிடும்படி விண்ணப்பத்தில் கேட்டுக் கையெழுத்தும் வாங்குவார்கள். பிற்பாடு தெரியவந்தால், முடிக்கும் தறுவாயில் இருக்கும் படிப்பையே ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அந்த டிரான்ஸ்கிரிப்டில் இரண்டு எஃப் மட்டுமா இருக்கிறது? நீங்கள் தேர்ச்சி பெற்ற பாடங்களும், கைக்குக் கிடைத்த கிரெடிட்டுகளும் அதில்தான் இருக்கின்றன. அந்த இரண்டை மறைக்கப் போய் இவை அத்தனையையும் இழக்கப் பார்க்கிறீர்கள்.

முதலில் பழைய கல்லூரியின் பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதி, உங்கள் பெயரில் பாக்கித் தொகை ஏதாவது இருக்கிறதா, மீண்டும் சேர்வதற்கு என்ன நடைமுறை என்று கேளுங்கள். பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு திரும்புகிறவர்களின் பழைய தோல்விக் கிரேடுகளைச் சராசரிக் கணக்கிலிருந்து விலக்கும் ஏற்பாடு பல கல்லூரிகளில் உண்டு. டிரான்ஸ்கிரிப்டில் அவை தெரியும், கணக்கில் சேராது. இது தானாகக் கிடைப்பதில்லை, விண்ணப்பித்துப் பெற வேண்டும். சில இடங்களில் ஒரே ஒரு முறைதான் பெற முடியும். ஆகவே, விதியை முழுவதும் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

உங்களைப் போன்றவர்களுக்காகவே கதவைத் திறந்து வைத்திருக்கும் இடங்களும் இருக்கின்றன. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்கூல் ஆஃப் ஜெனரல் ஸ்டடீஸ் 1947-இல் இந்த நோக்கத்துடன் அமைக்கப்பட்டது. இடையில் ஓராண்டோ அதற்கு மேலோ படிப்பை விட்டவர்கள் அங்கே இளங்கலைப் பட்டத்துக்குப் படிக்கிறார்கள். வழக்கமான வயதைக் கடந்த பெண்களுக்கென்றே ஸ்மித் கல்லூரியில் ஏடா காம்ஸ்டாக் பெயரிலான திட்டம் உள்ளது. 1910-இல் தொடங்கப்பட்ட ஹார்வர்ட் எக்ஸ்டென்ஷன் ஸ்கூலில் பெரும்பாலான பாடங்களுக்கு முன்அனுமதியே தேவையில்லை. குறிப்பிட்ட பாடங்களைப் படித்து, குறிப்பிட்ட கிரேடு எடுத்துக் காட்டினால், அதன் பிறகு பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். பகல் வேலையும் குழந்தைகளும் உள்ள உங்களுக்கு, வீட்டருகே உள்ள அரசுப் பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்புகளோ இணையவழி வகுப்புகளோதான் நடைமுறைக்கு ஏற்றவை என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய பெயர்களைக் குறிப்பிட்டதற்குக் காரணம், 36 வயதில் வந்து நிற்கும் மாணவியை எதிர்பார்த்தே அமைக்கப்பட்ட இடங்கள் நெடுங்காலமாக இருக்கின்றன என்பதை நீங்கள் அறிய வேண்டும் என்பதுதான்.

பணத்துக்கு வருவோம். 24 வயதைக் கடந்தவர் என்பதால், உதவித்தொகைக்கான ஃபாஃப்சா படிவத்தில் உங்கள் பெற்றோரின் வருமானத்தைக் கேட்கமாட்டார்கள். பெல் கிராண்ட் போன்ற கூட்டரசு உதவி பகுதிநேர மாணவர்களுக்கும் கிடைக்கும். ஆனால், பட்டப்படிப்பிலோ சான்றிதழ்ப் படிப்பிலோ முறையாகச் சேர்ந்திருக்க வேண்டும். முதலில் நான்-டிகிரியாக ஒரு பாடம் படித்துப் பார்ப்போம் என்று இறங்கினால், பொதுவாக அந்தப் பருவத்துக்கு உதவி கிடைக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள்: கிரேடு சராசரியிலிருந்து பழைய எஃப் நீக்கப்பட்டாலும், உதவித்தொகைக்கான முன்னேற்றக் கணக்கில் அந்தப் பாடங்கள் முயன்று முடிக்காதவையாகவே இருக்கும். உதவி மறுக்கப்பட்டால் அதோடு விட்டுவிடாமல், அன்று என்ன நேர்ந்தது, இன்று என்ன மாறியிருக்கிறது என்று எழுதி மேல்முறையீடு செய்யுங்கள். வருமான வரியிலும் ஒரு சலுகை உண்டு. ‘லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட்’ என்ற பெயரில், கட்டிய கல்விக் கட்டணத்தில் முதல் 10,000 டாலருக்கு 20 சதவீதம், அதாவது அதிகபட்சம் 2,000 டாலர் வரை வரியில் கழித்துக்கொள்ளலாம். இதற்கு வருமான வரம்பு உண்டு. ஆனால், பட்டத்துக்குப் படித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேலைத் திறனுக்காக ஒரு பாடம் மட்டும் படித்தவரும் கோரலாம்.

முதல் பருவத்தில் ஒரே ஒரு பாடம் எடுத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகைக்குக் குறைந்தபட்ச கிரெடிட் தேவைப்பட்டால் இரண்டு. ஆர்வத்தில் நான்கு பாடங்களைப் பதிவு செய்துவிட்டு ஆறாவது வாரத்தில் கண் கலங்கி என் முன்னால் நின்றவர்களை மனத்தில் வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி: எஃப்-1 விசாவில் படிக்கும் நான், என் பல்கலைக்கழகத்தில் இந்தப் பருவத்தில் நடத்தப்படாத ஒரு பாடத்தை வேறு கல்லூரியில் இணையவழியாக எடுக்கலாமா?
– வாசகர், அரிசோனா

பதில்: எடுக்கலாம். ஆனால், பதிவு செய்வதற்கு முன்பே உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வ அனுமதி பெறுங்கள். இரண்டு இடங்களிலும் எடுக்கும் பாடங்களைச் சேர்த்து முழுநேரப் படிப்பாக இருக்க வேண்டும். இளங்கலைக்கு அது 12 கிரெடிட். இணையவழிப் பாடத்தில் ஒரு பருவத்துக்கு ஒரு வகுப்போ 3 கிரெடிட்டோ மட்டுமே முழுநேரக் கணக்கில் சேரும்.

கேள்வி: சென்ற பருவத்தில் வருகை மாணவியாக ஒரு பாடத்தில் பதிவு செய்தேன். வேலை மாற்றத்தால் இரண்டாவது வாரத்துக்குப் பிறகு வகுப்புக்குப் போகவில்லை. இப்போது எஃப் கிரேடும் முழுக் கட்டணத்துக்கான பில்லும் வந்திருக்கின்றன. போகாத வகுப்புக்கு நான் ஏன் கட்ட வேண்டும்?
– வாசகி, அட்லாண்டா

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால், பல்கலைக்கழகத்தின் கணக்கில், பதிவு செய்த நாற்காலி நீங்கள் விடுவிக்கும் வரை உங்களுடையதுதான். தொடக்க நாட்களில் பாடத்தைக் கைவிட்டிருந்தால் பதிவே அழிந்து பணமும் திரும்பியிருக்கும். அந்தக் கெடுவுக்குப் பிறகு முறையாக விலகியிருந்தால், டபிள்யூ என்ற குறி மட்டும் நின்றிருக்கும். அது சராசரியைப் பாதிக்காது. இரண்டும் செய்யாததால் எஃப் வந்திருக்கிறது.

இப்போதும் வழி முழுவதும் அடைபட்டுவிடவில்லை. காலம் கடந்த விலகலுக்கு மனு அளிக்கும் நடைமுறை பல இடங்களில் இருக்கிறது. வேலை மாற்றம் உங்கள் கையை மீறி நடந்தது என்பதற்கு நிறுவனத்தின் கடிதம், புதிய பணி நேரத்தைக் காட்டும் அட்டவணை, இரண்டாவது வாரத்துக்குப் பிறகு நீங்கள் எந்தப் பயிற்சியையும் சமர்ப்பிக்கவில்லை என்று பேராசிரியரிடமிருந்து ஒரு வரி ஆகியவற்றை இணைத்து, தேதிகளுடன் ஒரே பக்கத்தில் மனுவை எழுதுங்கள். கிரேடை மாற்றும் மனுவும் கட்டணத்தைக் குறைக்கும் மனுவும் பெரும்பாலும் தனித்தனி அலுவலகங்களுக்குப் போகின்றன. ஒன்றைக் கொடுத்தால் மற்றொன்றும் சேர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மனுவுக்குப் பதில் வரும் வரை பில்லை வசூல் நிறுவனத்துக்கு அனுப்பாமல் நிறுத்தி வைக்கும்படி கட்டண அலுவலகத்துக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மனுவை நாளை எழுதிக்கொள்ளலாம்.